இடம் விட்ட படம்

இருபத்தேழு மணி நேரம், நாற்பது நிமிடம். ரெத்தினம் ஐயா கொடுத்த போட்டோவை நான் என் ஃபோனில் படமெடுத்துக்கொண்டது சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு. அவர் மகள் கல்யாணத்தில் கடைசியாக ஃபிளாஷ் அடித்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு. இரண்டு நேரமும் அந்தந்தப் படத்திலேயே பதிவாகியிருக்கின்றன. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. கல்யாணப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் திருவையாற்றில் கிளாட்சன் அண்ணன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். இயற்பியல் படித்தவள். கல்யாணங்களில் லைட் வைப்பதும் பெண் பக்கத்துப் படங்களை எடுப்பதும் என் வேலை.

எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். கல்யாணத்துக்கு லீவு கிடைத்திருக்காது. அப்போது குடும்பப் படத்தில் அவருக்கு ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு எடுப்போம். எந்தப் பக்கம் லைட், எத்தனை அடி தூரம், எவ்வளவு பவர், வரவேண்டியவரின் உயரம் என்ன என்று நோட்டில் எழுதி வைப்பேன். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அவர் ஊருக்கு வரும்போது ஸ்டுடியோவில் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, அதே லைட்டை அதே தூரத்தில் வைத்து எடுத்து, விட்ட இடத்தில் சேர்த்துவிடுவோம். வெளிச்சம் ஒத்துப்போனால் கண்டுபிடிக்க முடியாது. ஒத்துப்போகாவிட்டால் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும்.

அதனால் ரெத்தினம் ஐயா வந்து, "பாப்பா, நாளைக்குப் பையனுக்கு இடம் விட்டு ஒரு படம் எடுக்கணும்" என்றபோது நான் நோட்டை எடுத்தேன்.

"உயரம் எவ்வளவுங்க ஐயா?"

"என் உயரம்தான். அஞ்சடி எட்டு."

கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். பட்டுச்சட்டையும் வேட்டியும் கட்டிய ஒருவர் சுவருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தலை முதல் கால் வரை தெரிந்தது. யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்த அந்தக் கணத்தில் எடுத்திருக்கிறார்கள். குவைத்தில் பொங்கல் விழாவில் எடுத்ததாம். பெயர் பகலவன்.

"இதுல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதும்மா?"

"வலது பக்கத்துலேருந்துங்க. ஒரே ஒரு ஃபிளாஷ்."

"நாளைக்கு மேடையிலயும் அப்படியே வைக்க முடியுமா? சேர்த்தா சேர்த்த மாதிரி தெரியக்கூடாது."

"உங்க பையன் ஊருக்கு வந்ததும் இங்கேயே எடுத்துக்கலாங்க ஐயா. நாளைக்கு நான் என்ன லைட் வைக்கிறேனோ அதையே அவங்களுக்கும் வச்சுடலாம்."

அவர் போட்டோவை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"இல்ல. இந்தப் படத்துக்குத் தகுந்த மாதிரி நாளைக்கு வைம்மா. சிரிச்ச மாதிரி இது ஒண்ணுதான் இருக்கு."

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"வீட்ல யாராச்சும் கேட்டா, லீவுல வந்து நிப்பான்னே சொல்லிடு பாப்பா. எழிலு நெறைய கேக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும் அது சிரிச்சுக்கிட்டே இருக்கணும். நான் பார்த்துக்கிறேன் மத்ததை."

நான் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கின் நிழல் உதட்டின் இடது ஓரத்தில் விழுந்திருந்தது. சுவரில் விழுந்த தலை நிழல் தலையைவிடக் கீழே, இடப்பக்கம் தள்ளி. அதிலிருந்து லைட்டின் உயரத்தைக் கணக்கிடலாம்: தலைக்கு மேல் ஒன்றரை அடி. முகத்தில் இருந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இருந்தது. வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஆக, லைட் ரொம்பப் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஐந்தடி.

கிளாட்சன் அண்ணன் என் தாளை எட்டிப் பார்த்தார். "என்னம்மா லின்சி, போட்டோவுக்கு ஜாதகமா எழுதுற?"

சொன்னேன்.

"அஞ்சடியா? அவ்ளோ கிட்ட வச்சா அந்த ஓரம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும். இந்த ஓரம் கரண்டு போன மாதிரி ஆயிடும். பேசாம ரெண்டு பக்கமும் குடை லைட் வச்சு எடு. பையன் வந்தா நம்ம இஷ்டத்துக்கு நிக்கவச்சு எடுத்துக்கலாம். அவன் என்ன கல்லுல செதுக்கியா வரப்போறான்?"

அவர் டீ குடிக்கப் போனார். நான் பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன்.

வரப்போகிறவருக்கு எந்த லைட்டையும் வைக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்தும் வைக்கலாம். வெளிச்சத்தை இனி மாற்றவே முடியாதது, எடுத்து முடித்துவிட்ட படத்தில் மட்டும்தான்.

லைட்டின் உயரமும் தூரமும் தெரிந்ததைப் போலவே இதுவும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. தாளை மடித்து கேமரா பையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. தை மாதக் கடைசி. அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்திருந்ததால் பாதிப் பேர் வயலிலிருந்து நேராக வந்தார்கள். கல்யாணப் பெண் எழில்மொழிக்கு என் வயதுதான். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தவள் ஃபோனைக் காதில் வைத்திருந்தாள்.

"சுவிட்ச் ஆஃப்னே வருது. எங்க அண்ணனுக்குக் கம்பெனியை நிறுத்தி ரிப்பேர் பண்ற ஷட்டவுன் வேலையாம், கேட்லயே ஃபோனை வாங்கி வச்சுக்கிறாங்களாம். நேத்து அப்பாதான் சொன்னாங்க. வியாழக்கிழமை ராத்திரி என்கிட்ட பேசினப்ப ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. வரட்டும், இருக்கு." ஃபோனை மடியில் வைத்தாள். "நீங்க பேசவே மாட்டீங்களா? வந்ததுலேருந்து பார்க்கிறேன், 'கொஞ்சம் திரும்புங்க', 'கொஞ்சம் நிமிருங்க', அவ்ளோதான்."

"கொஞ்சம் நிமிருங்க" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது.

ஃபிளாஷ் அடித்த பிறகு கண்ணில் ஒரு கறுப்பு நிழல் கொஞ்ச நேரம் நிற்கும். விழித்திரை களைத்துப்போவதால் வருவது. தினமும் பார்ப்பதுதான். ஆனால் அன்று சாயங்காலம் அந்த நிழல் எப்போதும் அவள் பக்கத்தில்தான் வந்து நின்றது. அவளுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் உயரத்துக்கு. கண்ணை மூடித் திறந்தால் மெல்ல மங்கும். மறுபடி அடித்தால் மறுபடி நிற்கும். நான் அவளுக்கு இடப்பக்கத்தைப் பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்குத் தாலி கட்டினார்கள். ஐயர் கிடையாது. தலைமை தாங்க வந்த பெரியவர் உறுதிமொழியைப் படிக்க, எழில்மொழியும் மாப்பிள்ளை சேரனும் மைக்கில் திருப்பிச் சொன்னார்கள். தாலித் தட்டைத் தூக்கிக்கொடுத்தது ரெத்தினம் ஐயா. அந்தப் படங்களை இப்போதும் பார்க்கிறேன். அவர் சாதாரணமாகத்தான் இருக்கிறார். தட்டும் நேராகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை விரலில் மோதிரம் போடவேண்டியவர் பெண்ணின் அண்ணன். "சித்தப்பா பையனைப் போடச்சொல்லலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம். அண்ணன் வந்து போடும்" என்றாள் எழில்மொழி. மோதிரப் பெட்டியை அம்மா தங்கம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ரெத்தினம் ஐயா கூட்டத்தைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு வாங்க, பந்தி போட்டாச்சு" என்றார்.

பரிசு கொடுக்க வந்தவர்களின் வரிசை முடியும்போது ஒரு மணி. குடும்பப் படத்துக்கு மேடையைக் காலி செய்தோம். நான் ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டி மேடையின் வலது ஓரத்தில் வைத்தேன். தலைக்கு மேல் ஒன்றரை அடி உயரம். டேப் வைத்து அளந்து ஐந்தடி தள்ளித் தரையில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டினேன். பகலவன் நிற்கவேண்டிய இடம். அதற்குப் பக்கத்தில் எழில்மொழி, பிறகு சேரன், தங்கம்மாள், கடைசியில் ரெத்தினம் ஐயா. வலது ஓர லைட் அவர்களிடம் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். அதனால் இடப்பக்கம் தூரத்தில் ஒரு குடை வைத்து, அதன் வெளிச்சம் டேப் ஒட்டிய இடத்தில் விழாதபடி திருப்பினேன். பகலவனுக்கு ஒரே ஒரு ஃபிளாஷ்தான்.

முதல் படத்தைக் கேமராவின் ஆட்டோ மோடில் எடுத்தது என் தவறு. மாற்ற மறந்துவிட்டேன். பின்னால் கருநீலத் திரை. ஆள் இல்லாத இடத்தில் திரையின் இருட்டு மட்டும் இருந்தது. ஆட்டோவில் விட்டால் கேமரா இருட்டைக் கண்டதும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஃபிளாஷின் பவரைத் தானே கூட்டும். காலியான இடத்தில் யாரையாவது காட்டிவிடப் பார்க்கும். படத்தில் எழில்மொழியின் முகம் வெளுத்துப்போய், மூக்கும் வாயும் அழிந்து, கண்கள் மட்டும் இருந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அழித்தேன். மேனுவலுக்கு மாற்றி, பவரை முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு இறக்கினேன்.

"அந்த இடத்துல யாராச்சும் நின்னாதான் சரியா அளக்க முடியும்" என்றேன். கிளாட்சன் அண்ணன் டேப்பை நோக்கி நகர்ந்தார். அவர் உயரம் ஐந்தடி நான்குதான்.

"நான் நிக்கிறேன்" என்றார் ரெத்தினம் ஐயா. மறு ஓரத்திலிருந்து நடந்து வந்து டேப்பின் மேல் நின்றார். ஒருகணம் யோசித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஏங்க, அப்படியே நம்ம தம்பி மாதிரியே இருக்கீங்க" என்றார் தங்கம்மாள்.

"அவன்தான் என்னை மாதிரி" என்றார் அவர்.

எடுத்தேன். முகம் சரியாக வந்தது. மூக்கின் நிழல் உதட்டின் இடது ஓரத்தில். இன்னொன்றும் வந்திருந்தது, நான் தாளில் கணக்கிடாதது. அவர் நிழல் எழில்மொழியின் மேல் விழுந்திருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை பட்டின் அரக்கு நிறம் அடங்கியிருந்தது. அவர் விலகியதும் மறுபடி எடுத்தேன். அவள் தோள் பளிச்சென்று இருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றால் அந்த வெளிச்சம் அவள் மேல் பட்டிருக்காது.

"ஐயா, இன்னொரு தடவை நிக்கணும். நிழலுக்கு" என்றேன்.

"எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கிறேன் பாப்பா."

மூன்று படம் எடுத்தேன். பிறகு அவர் தன் ஓரத்துக்குப் போனார். இடத்தை விட்டு எல்லோரும் நின்றார்கள். கறுப்பு நிழல் டேப்பின் மேல் வந்து நின்றது. நான் கண்ணைச் சிமிட்டினேன்.

"ஒரு நிமிஷம்" என்றாள் எழில்மொழி. "இவ்ளோ இடம் போதாது. அண்ணன் என் தோள்ல கை போட்டுக்கிட்டுதான் நிக்கும். சின்னப் புள்ளையிலேருந்து அப்படித்தான் எங்க போட்டோ எல்லாம். நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கிறேன். தோள்ல கை இருக்கிற மாதிரி புடவையையும் சரி பண்ணிக்கிறேன்."

"மச்சான் என் கழுத்துல கை போடாம இருந்தா சரி" என்றார் சேரன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வேணாம்மா" என்றார் ரெத்தினம் ஐயா. "இருக்கிற மாதிரியே இருக்கட்டும். கையைக் கட்டிக்கிட்டு நிப்பான்."

"அண்ணன் எந்தக் காலத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு? ஹெட்மாஸ்டர் முன்னாலயே நிக்காது."

"சொல்றேன்ல. நிப்பான்."

"அவ ஆசைப்படறா, விடுங்களேன்" என்றார் தங்கம்மாள். "வரப்போறது தம்பி. எப்படி வேணும்னாலும் நிக்கட்டுமே. உங்களுக்கு என்ன?"

குடைக்குள் இருந்த ஃபிளாஷ் சார்ஜ் ஆகும் மெல்லிய சத்தம் கேட்டது.

எழில்மொழி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. அண்ணன் வந்து எப்படி நின்னாலும் சேர்க்கலாம்தானே? கை போட்டு நின்னா முடியாதா?"

முடியும் என்பதுதான் பதில். வருகிறவர் என்றால் எப்படியும் முடியும். நேற்று தலையாட்டியிருந்தேன். இன்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, கைக்கு இடம் விட்டு, சிரித்துக்கொண்டு நிற்பாள். நான் எடுப்பேன். நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டி கிளம்பும். பிறகு அந்தப் படத்தை நான் கம்ப்யூட்டரில் திறக்கவேண்டும். தாழ்ந்த தோளும் சாய்ந்த தலையும் இருக்கும். கட்டிய கையோடு நிற்பவரைக் கொண்டுபோய் அதற்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். அவள் வாழ்நாள் முழுக்க அதைப் பார்ப்பாள். அவள் தோளில் இல்லாத கையைப் பார்ப்பாள்.

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினேன். ரெத்தினம் ஐயா என்னைப் பார்த்துத் தலையை மிக மெதுவாக இடவலமாக ஆட்டினார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஃபோனை எடுத்துப் படத்தைத் திறந்து எழில்மொழியிடம் கொடுத்தேன்.

"இந்தப் படத்துக்குத்தான் நான் லைட் வச்சிருக்கேன். இதுல கை கட்டியிருக்காங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். "இது போன வருஷப் பொங்கல்ல எடுத்தது. எனக்கும் அனுப்பிச்சு. இதுக்கு எதுக்கு லைட்? அண்ணன் வர்றப்போ புதுசா எடுக்கிறதா..."

அவள் கணக்கு டீச்சர். நேற்று எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஃபோனிலிருந்து கண்ணை எடுத்துத் தரையில் இருந்த வெள்ளை டேப்பைப் பார்த்தாள். ஸ்டாண்டில் இருந்த ஃபிளாஷைப் பார்த்தாள். பிறகு மறு ஓரத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"யார் வைக்கச் சொன்னது?"

நான் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அப்பா. நீங்களா?"

"எழிலு, நேரமாகுதும்மா. படத்தை எடுத்துட்டு ஒரு வாய் சாப்பிடு."

"முந்தாநேத்து அண்ணன்கிட்ட நீங்க பேசினீங்களா? ஷட்டவுன்னு அதுவே உங்ககிட்ட சொல்லுச்சா?"

"கூட இருக்கிற பையன் பேசினான்."

"அண்ணன் பேசுச்சா?"

தங்கம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இடுப்பில் இருந்த மோதிரப் பெட்டியை ஒரு கை பிடித்திருந்தது. "என்னங்க? என்ன கேக்கிறா அவ?" என்றார். சேரன் எழில்மொழியின் முழங்கையைப் பிடித்தார். கீழே நாற்காலிகளில் இருந்தவர்கள் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு அறையிலிருந்து யாரோ சாம்பார் கேட்டார்கள்.

ரெத்தினம் ஐயா மேடையின் குறுக்கே நடந்து வந்தார். மகள் முன்னால் நின்றார். டேப்பின் மேல் கால் படாமல் தள்ளி நின்றார்.

"தாலி கட்டினதும் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் வரிசை முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் நீ சாப்பிடட்டும்னு இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே. வாய் வரலம்மா."

"சொல்லுங்கப்பா."

"வியாழக்கிழமை உன்கிட்ட பேசிட்டுத் தூங்கப் போயிருக்கான். காலையில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. எந்திரிக்கல." அவர் மூச்சை இழுத்தார். "அண்ணன் செத்துட்டாம்மா."